கற்றை அளவிகளைச் சோதிக்க ஒரு சின்ன அயனி மூலம்: முழுமையான வழிகாட்டி

புதிதாக வாங்கிய தராசு சரியாக நிறுக்கிறதா என்று எப்படிப் பார்ப்போம்? எடை தெரிந்த படிக்கல்லைத் தட்டில் வைத்துப் பார்ப்போம். எடை தெரியாத புளிமூட்டையைத் தூக்கி வைத்தால் தராசைப் பற்றி ஒன்றும் தெரியப்போவதில்லை. துகள் முடுக்கிகளில் கற்றையை அளக்கும் கருவிகளுக்கும் இதே கதைதான். ஃபாரடே கப் (கற்றையை வாங்கி மின்னோட்டத்தை அளக்கும் கோப்பை), வயர் ஸ்கேனர் (கம்பியைக் குறுக்கே நகர்த்திக் கற்றையின் அகலத்தைப் பார்ப்பது), எமிட்டன்ஸ் அளவி (கற்றை இடத்திலும் கோணத்திலும் எவ்வளவு பரவியிருக்கிறது என்று அளப்பது) என எதைச் செய்தாலும், அதை நேராகப் பெரிய முடுக்கியில் மாட்டினால், திரையில் வருகிற எண் கற்றையின் குணமா, நம் கருவியின் கோளாறா என்று பிரிக்க வழியில்லை. முடுக்கியில் நேரம் கிடைப்பதும் அரிது. கிடைத்த எட்டு மணி நேரத்தை இணைப்புக் கம்பி விட்டுப்போனதைத் தேடுவதில் கழித்தவர்களுக்கு அந்த வலி தெரியும்.

அதனால் மேசை நீளத்துக்குள் அடங்கும் ஒரு சின்ன அயனி மூலம் நம் கையில் இருக்க வேண்டும். அது நிறைய மின்னோட்டம் கொட்ட வேண்டியதில்லை. அதிலிருந்து வரும் கற்றையின் ஆற்றல், நிறை, விரிவு எல்லாம் அளக்காமலேயே கணக்குப் போட்டுச் சொல்லக் கூடியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இங்கே விவரிக்கும் மூலம் 2,000 வோல்ட்டில் பொட்டாசியம் அயனிகளைத் தருவது. எம்.எஸ்சி. மாணவர் ஒருவர், வெற்றிடக் கருவிகள் ஏற்கெனவே உள்ள ஆய்வகத்தில், வழிகாட்டுபவர் ஒருவரின் துணையோடு செய்துவிடலாம். வீட்டில் தனியாக உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை இது. காரணம் உயர் மின்னழுத்தப் பகுதியில் வரும்.

எந்த மூலம்?

அயனி மூலம் என்றதும் ஊதா நிறத்தில் ஒளிரும் பிளாஸ்மாதான் பலருக்கும் நினைவுக்கு வரும். 1886-இல் கோல்ட்ஸ்டைன், காற்றழுத்தம் குறைந்த குழாயில் துளையிட்ட எதிர்முனைக்குப் பின்னால் புதுவகைக் கதிரைக் கண்டதிலிருந்தே அந்த வழி பிரபலம். டுவோபிளாஸ்மட்ரான், பென்னிங் மூலம் எல்லாம் அந்தக் குடும்பம்தான். மில்லி ஆம்பியர் கணக்கில் கொட்டும். ஆனால் நம் வேலைக்கு அவை தொல்லை. வாயு தொடர்ந்து உள்ளே போவதால் வெற்றிடம் கெடும். ஒற்றை மின்னேற்றம், இரட்டை மின்னேற்றம், மூலக்கூறு அயனி எல்லாம் கலந்து வரும். பிளாஸ்மா அதிரும்போது கற்றையும் கூடவே ஆடும். படிக்கல்லே ஆடினால் தராசை எப்படிச் சோதிப்பது?

நான் தேர்ந்தெடுப்பது சூடாக்கினால் அயனியை உமிழும் அலுமினோசிலிகேட். பொட்டாசியம், அலுமினியம், சிலிக்கான் ஆக்சைடுகள் சேர்ந்த பீங்கான் போன்ற பொருள் இது. பொட்டாசியத்திலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிரிக்க 4.34 எலக்ட்ரான் வோல்ட் போதும். ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்கி, எதிரே எதிர்மின் புலம் வைத்தால், பொட்டாசியம் ஒற்றை மின்னேற்ற அயனியாகவே மேற்பரப்பிலிருந்து கிளம்பும். லித்தியத்தை வைத்து இந்த வகைப் பொருள்கள் நன்றாக உமிழ்வதைப் பிளெவெட், ஜோன்ஸ் என்ற இருவர் 1936-இல் ஆராய்ந்து வெளியிட்டார்கள். அப்புறம் இது பெரிய அளவிலும் பயன்பட்டது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில், கன அயனிகளைக் கொண்டு அணுக்கரு இணைவை எட்டும் ஆராய்ச்சிக்காக நடந்த உயர் மின்னோட்டப் பரிசோதனையில், 10 செ.மீ. விட்டமுள்ள பொட்டாசியம் உமிழியிலிருந்து சுமார் 180 மில்லி ஆம்பியர் கற்றையை எடுத்து 10 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் வரை முடுக்கினார்கள். நமக்கு வேண்டியது அதன் குட்டித் தம்பி: 6 மி.மீ. விட்டமுள்ள உமிழி.

உமிழியை நாமே செய்யலாமா? செய்யலாம். நுண்துளையுள்ள டங்ஸ்டன் வில்லையில் தூளை வைத்து வெற்றிட உலையில் உருக்கிப் படிய வைக்க வேண்டும். அந்த உலை இருப்பவர்கள் செய்யட்டும். முதல் மூலம் செய்பவர் தயாராக விற்கும் உமிழியை வாங்குவதே நல்லது. ஹீட்டரும் மாலிப்டினம் உடலும் சேர்ந்தே வரும்.

தொடங்கும் முன் நான்கு கணக்கு

இந்த எண்களை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். பின்னால் ஒவ்வொரு கருவியையும் இவற்றோடுதான் ஒப்பிடப் போகிறோம்.

வேகம்: 2,000 வோல்ட்டில் பொட்டாசியம் அயனி நொடிக்கு ஏறத்தாழ 100 கி.மீ. போகும். ஒரு மீட்டரைக் கடக்க 10 மைக்ரோ நொடி. கணக்குப் போட இதைவிட வசதியான எண் கிடைக்காது. 2,000 வோல்ட்டை நான் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வளைவு: பூமியின் காந்தப்புலத்தில் (40 மைக்ரோ டெஸ்லா என்று வைப்போம்) இந்த அயனியின் பாதை ஆரம் சுமார் ஒரு கிலோமீட்டர். அரை மீட்டர் தூரத்தில் 0.12 மி.மீ. மட்டுமே விலகும். இதே ஆற்றலுள்ள எலக்ட்ரான் கற்றையாக இருந்தால் 3 செ.மீ.-க்கு மேல் விலகியிருக்கும். ஆகவே காந்தக் கவசம் எதுவும் நமக்குத் தேவையில்லை.

மின்னோட்டம்: உமிழியிலிருந்து 10 மி.மீ. தள்ளி, அயனிகளை இழுத்தெடுக்கும் பிரிப்பு மின்முனை இருந்தால், சைல்ட்-லாங்முயர் விதிப்படி (அயனிகளின் சொந்த மின்னேற்றமே மின்னோட்டத்துக்கு வைக்கும் வரம்பு இது) 500 வோல்ட்டில் 28, 1,000 வோல்ட்டில் 78, 2,000 வோல்ட்டில் 220 மைக்ரோ ஆம்பியர் வரை எடுக்கலாம். மின்னழுத்தத்தை இரட்டித்தால் மின்னோட்டம் 2.83 மடங்காகும். மூலம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதற்கு இந்த 2.83-தான் முதல் சாட்சி.

எமிட்டன்ஸ்: இதுதான் படிக்கல்லிலேயே பெரிய கல். 1,100 டிகிரி செல்சியஸில் உமிழியை விட்டுக் கிளம்பும் அயனிகளுக்குப் பக்கவாட்டில் வெப்ப அசைவு இருக்கும். அதன் சராசரி ஆற்றல் அளவு 0.12 எலக்ட்ரான் வோல்ட். 2,000 வோல்ட் கற்றையில் இது 5.4 மில்லிரேடியன் கோண விரிவு. 3 மி.மீ. ஆரமுள்ள சீரான வட்டத்துக்கு இருமடி சராசரி அளவு 1.5 மி.மீ. இரண்டையும் பெருக்கினால் 8 மி.மீ.-மில்லிரேடியன். முழுக் கற்றையின் எமிட்டன்ஸ் இதைவிடக் கூடலாம், குறைய முடியாது. அளவி இதற்குக் கீழே ஒரு எண்ணைக் காட்டினால் அளவி தவறு என்று அப்போதே எழுதிவிடலாம்.

வெற்றிடப் பகுதி

63 மி.மீ. தரத்து சி.எஃப். ஃபிளேஞ்ச் (வெற்றிடக் குழாய்களை இணைக்கும் விளிம்பு) உள்ள ஆறு வழிக் குறுக்குக் குழாய் ஒன்று, அதோடு அரை மீட்டர் நேர்க்குழாய், அதன் முனையில் அளவிகளுக்கு இன்னொரு குறுக்குக் குழாய். நொடிக்கு 60 முதல் 80 லிட்டர் இழுக்கும் டர்போ பம்ப், பின்னால் எண்ணெய் இல்லாத ஸ்க்ரோல் அல்லது டயஃப்ரம் பம்ப். எண்ணெய் ரோட்டரி பம்ப்தான் இருக்கிறது என்றால் நடுவில் எண்ணெய் ஆவியைப் பிடிக்கும் பொறி வைத்தே தீர வேண்டும். எண்ணெய் ஆவி ஃபாரடே கப்பின் அடியில் படிந்து, அயனி பட்டு, கடத்தாத கறுப்புப் படலமாக மாறிவிடும். அதற்கப்புறம் கப்பே மின்னேறிக்கொண்டு அயனிகளைத் திருப்பியனுப்பும்.

உமிழி வேலை செய்யும்போது அழுத்தம் 10⁻⁶ மில்லிபாருக்குக் கீழே இருக்க வேண்டும். அந்த அழுத்தத்தில் வாயு மூலக்கூறு ஒன்று மற்றொன்றில் மோதாமல் சராசரியாக 60 மீட்டருக்கு மேல் போகும். நம் கற்றை ஒரு மீட்டர்கூடப் போகப்போவதில்லை. மோதலை நினைத்து அல்ல, சூடான மாலிப்டினமும் டங்ஸ்டனும் ஆக்சிஜனில் கெடாமல் இருக்கத்தான் இந்தக் கண்டிப்பு.

கழுவும் வேலையில் சோம்பல் கூடாது. சோப்புத் தண்ணீர், அயனி நீக்கிய நீர், அசிட்டோன், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்ற வரிசை. பிறகு கையுறை இல்லாமல் எதையும் தொடக்கூடாது. திருகு ஏறும் குழி அடைத்த குழியாக இருந்தால், அதன் அடியில் சிக்கிய காற்று நாள் கணக்கில் கசியும். ஹீலியம் வைத்து வெளியே தேடினால் கசிவே தெரியாது, அழுத்தமும் இறங்காது. அதனால் திருகின் நடுவே 1 மி.மீ. துளை போட்டுவிடுங்கள், அல்லது திருகின் பக்கவாட்டை அரத்தால் தட்டையாக்கிவிடுங்கள்.

மூலத்தைக் கோப்பது

பாகங்கள் குறைவு. உமிழி, அதைச் சுற்றி பியர்ஸ் மின்முனை, 10 மி.மீ. தள்ளி 7 மி.மீ. துளையுள்ள பிரிப்பு மின்முனை. அதற்கும் 5 மி.மீ. பின்னால் தரையிட்ட மின்முனை. அப்புறம் மின்புலத்தால் கற்றையைக் குவிக்கும் ஐன்ஸல் லென்ஸ்.

பியர்ஸ் மின்முனை என்பது உமிழியைச் சுற்றிக் கூம்பாக விரியும் தகடு. கற்றையின் விளிம்போடு 67.5 டிகிரி கோணத்தில் இருக்க வேண்டும். இந்தக் கோணத்தில் வைத்தால், விளிம்பில் உள்ள அயனிக்கும் தான் அகன்ற கற்றையின் நடுவே போவது போன்ற புலமே கிடைக்கும். கற்றை இணையாகக் கிளம்பும். உமிழிக்கும் இந்தத் தகட்டுக்கும் இடையே கால் மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். தொட்டால் வெப்பம் தகடு வழியே ஓடிப்போகும், உமிழியின் விளிம்பு குளிர்ந்து உமிழாது.

இங்கே ஒரு நுணுக்கம். உமிழியைத் தாங்கும் மாலிப்டினக் கால் 30 மி.மீ. நீளம் என்றால், சூடேறும்போது அது 0.1 மி.மீ.-க்குக் கொஞ்சம் மேலேயே நீண்டு உமிழியை முன்னே தள்ளும். இடைவெளி 10 மி.மீ.-யில் இந்தச் சின்ன நீட்சிகூட மின்னோட்டத்தை 2 முதல் 3 சதவீதம் மாற்றும். அதனால் குளிர்ந்த நிலையில் உமிழியின் முகத்தைப் பியர்ஸ் மின்முனையின் உள்விளிம்புக்கு அந்த அளவு பின்னே தள்ளி வையுங்கள். சூடானதும் இரண்டும் ஒரே தளத்துக்கு வந்து நிற்கும்.

மையம் பிசகாமல் கோக்க லேசர் எல்லாம் வேண்டாம். எல்லா மின்முனைத் துளைகளுக்கும் பொருந்துமாறு படிப்படியாகக் கடைந்த பித்தளைக் கம்பி ஒன்றை லேத்தில் செய்துகொள்ளுங்கள். கம்பியைச் செருகியபடியே திருகுகளை முடுக்குங்கள். கடைசித் திருகை முடுக்கிய பிறகு கம்பி தன் எடையிலேயே வழுக்கி வெளியே வர வேண்டும். இழுத்தால்தான் வருகிறது என்றால் எங்கோ ஒரு மின்முனை சாய்ந்திருக்கிறது.

மின்முனைகளைத் தாங்கும் அலுமினாக் குழல்கள் உமிழிக்கு நேராகத் தெரியக்கூடாது. உமிழியிலிருந்து அயனி மட்டுமல்ல, மின்னேற்றம் இல்லாத பொட்டாசியமும் கொஞ்சம் ஆவியாகும். அது பீங்கானில் படிந்தால் சில வாரங்களில் கசிவு மின்னோட்டம் தொடங்கிவிடும். ஒவ்வொரு குழலுக்கும் சின்னத் தொப்பி போல ஒரு உலோக வளையம் மாட்டினால் போதும்.

உயர் மின்னழுத்தம்

உமிழி தரையைவிட 2,000 வோல்ட் மேலே மிதக்கும். அதாவது ஹீட்டரும், ஹீட்டருக்கு மின்சாரம் தரும் சப்ளையும் சேர்ந்தே மிதக்கும். ஹீட்டருக்குப் பெரிதாக ஒன்றும் தேவையில்லை. இந்த அளவு உமிழியிலிருந்து கதிர்வீச்சாக வெளியேறும் வெப்பத்தைக் கணக்கிட்டால் 20 வாட் சுற்றி வரும். வழக்கமான வழி, 10,000 வோல்ட் காப்புள்ள ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். எனக்குப் பிடித்த வழி, மூடிய வகை 12 வோல்ட் பேட்டரி. தடித்த பாலித்தீன் பலகை மேல் பேட்டரியும் ஒரு டி.சி. கன்வெர்ட்டரும். கன்வெர்ட்டரின் குமிழில் 40 செ.மீ. நைலான் கம்பியை மாட்டி, கூண்டுக்கு வெளியே நின்று திருகலாம். மின்கட்டத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கற்றையில் ஏறாது. நானோ ஆம்பியர் அளக்கும்போது அந்த அமைதி எவ்வளவு அருமை என்று தெரியும்.

மிதக்கும் எல்லாமே தரையிட்ட உலோகக் கூண்டுக்குள் இருக்க வேண்டும். கூண்டுக் கதவு திறந்தால் உயர் மின்னழுத்தம் தானாக அணைய வேண்டும். உள்ளே மின்தேக்கிகளை வெறுமையாக்கும் மின்தடை நிரந்தரமாக இணைந்திருக்க வேண்டும். அப்படியும் கையை உள்ளே விடும் முன் தரைக்கோலால் (தரையோடு இணைத்த, காப்பிட்ட கைப்பிடியுள்ள கோல்) தொட்டு, கோலை அங்கேயே மாட்டி வைத்துவிட்டுத்தான் வேலை செய்ய வேண்டும். சப்ளையின் மின்னோட்ட வரம்பை 1 மில்லி ஆம்பியரில் வையுங்கள். வெளியீட்டில் 100 கிலோ ஓம் மின்தடை ஒன்றைத் தொடராகப் போடுங்கள். தீப்பொறி பறந்தாலும் சப்ளை தரும் மின்னோட்டம் 20 மில்லி ஆம்பியரைத் தாண்டாது. 220 மைக்ரோ ஆம்பியர் எடுக்கும்போது அந்த மின்தடையில் 22 வோல்ட் விழும், கற்றை ஆற்றலில் அதைக் கழிக்க மறக்கக்கூடாது.

ஆய்வகத்தில் ஒருவர் மட்டும் இருக்கும்போது இதை இயக்கவே கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது. எக்ஸ் கதிர் பற்றிக் கேட்பீர்கள். 2,000 வோல்ட்டில் உண்டாகும் மென்மையான கதிர் எஃகுச் சுவரையோ கண்ணாடி ஜன்னலையோ தாண்டாது. மின்னழுத்தத்தைப் பல பத்தாயிரங்களுக்கு ஏற்றினால் நிலைமை வேறு. அந்தப் பக்கம் போகவேண்டிய தேவை நமக்கில்லை.

பிரிப்பு மின்முனைக்குத் தரையைவிட 150 முதல் 200 வோல்ட் குறைவாக எதிர் மின்னழுத்தம் கொடுங்கள். கற்றைக் குழாயில் அலையும் எலக்ட்ரான்கள் பின்னோக்கி ஓடி உமிழியில் மோதாமல் இது தடுக்கும். இல்லாவிட்டால் சப்ளையின் மீட்டர் அயனியையும் எலக்ட்ரானையும் கூட்டிக் காட்டும். மூலம் அபாரமாக வேலை செய்கிறது என்று நாம் ஏமாந்துபோவோம். மேலே சொன்ன மின்னோட்டக் கணக்கில் போட வேண்டியது உமிழிக்கும் இந்த மின்முனைக்கும் இடையே உள்ள மொத்த வேறுபாட்டை.

முதல் சூடேற்றம்

இந்த நாளுக்கு அவசரம் ஆகாது. காலையில் தொடங்கினால் மாலை வரை ஆகலாம். உயர் மின்னழுத்தம் அணைந்தே இருக்கட்டும். ஹீட்டர் மின்னோட்டத்தை, உமிழியோடு வந்த தாளில் உள்ள உச்ச அளவில் பத்தில் ஒரு பங்காக ஏற்றுங்கள். அழுத்தம் ஏறும், பிறகு இறங்கும். இறங்கிய பின் அடுத்த படி. எந்தக் கட்டத்திலும் 5×10⁻⁶ மில்லிபாரைத் தாண்ட விடாதீர்கள். 

ஜன்னல் வழியே பார்த்தால் 700 டிகிரியில் மங்கிய சிவப்பு, 900-ஐத் தாண்டும்போது ஆரஞ்சு, 1,050 வாக்கில் மஞ்சள் கலந்த ஆரஞ்சு. ஆப்டிகல் பைரோமீட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் நிறமும் ஹீட்டர் வாட் கணக்கும் சேர்ந்து போதுமான அளவு வழிகாட்டும். உமிழி முகம் முழுதும் ஒரே நிறமாக இருக்கிறதா என்று உற்றுப் பாருங்கள். ஒரு ஓரம் மட்டும் மங்கினால் அந்த ஓரம் பியர்ஸ் மின்முனையைத் தொடுகிறது.

900 டிகிரியில் 500 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். பத்து, இருபது நானோ ஆம்பியர் தெரிய ஆரம்பிக்கும். சூட்டை மெல்ல ஏற்ற ஏற்ற மின்னோட்டம் கிடுகிடுவென்று ஏறி, ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அங்கே உமிழி தர முடிந்ததைவிடக் குறைவாகவே இடைவெளி ஏற்றுக்கொள்கிறது. முன்னே போன அயனிகளின் மின்னேற்றம் பின்னே வருபவற்றைத் தடுக்கிறது. அந்தச் சமதளத்தில் நின்றுகொண்டு மின்னழுத்தத்தை 500, 700, 1,000, 1,400, 2,000 என மாற்றி மின்னோட்டத்தைக் குறியுங்கள். இரண்டு அச்சும் மடக்கை அளவில் உள்ள தாளில் வரைந்தால் சாய்வு 1.5 வர வேண்டும். மேல் முனையில் சாய்வு குறைந்து கோடு படுத்துவிட்டால் உமிழியின் சூடு போதவில்லை என்று பொருள். கூடினால் எங்கோ எலக்ட்ரான் கலக்கிறது.

குறைந்த மின்னோட்டமே நல்லது

220 மைக்ரோ ஆம்பியர் வருகிறதே என்று அதை அப்படியே அளவிக்கு அனுப்பத் தோன்றும். வேண்டாம். நொடிக்கு 100 கி.மீ. என்பது அயனிக்கு மெதுவான வேகம், கற்றைக்குள் மின்னேற்றம் நெருக்கமாக இருக்கும், ஒன்றையொன்று தள்ளும். 50 மைக்ரோ ஆம்பியரில் 3 மி.மீ. ஆரமுள்ள கற்றை 30 செ.மீ. போவதற்குள் பல மடங்கு விரிந்துவிடும். 1 மைக்ரோ ஆம்பியரில் அதே தூரத்தில் விரிவு 0.7 மி.மீ. மட்டும். படிக்கல்லின் எடையை நாம் கணக்கால் சொல்ல வேண்டும் என்றால் இந்தத் தள்ளுமுள்ளு சின்னதாக இருக்க வேண்டும்.

சூட்டைக் குறைத்தால் மின்னோட்டம் குறையும். ஆனால் குளிர்ந்த உமிழி சீராக உமிழாது. சூடான இடம் அதிகமும் ஆறிய இடம் குறைவுமாகத் திட்டுத்திட்டாக வரும். சமதளத்தில் இருக்கும்போதுதான் முகம் முழுதும் சமமாக உமிழும். என் பழக்கம் இது: உமிழியைச் சமதளத்திலேயே வைத்து, கற்றையைத் துளைகளால் வடிகட்டுவது. ஐன்ஸல் லென்ஸுக்குப் பின்னால் 0.5 மி.மீ. துளை ஒன்று, 200 மி.மீ. தள்ளி இன்னொரு 0.5 மி.மீ. துளை. இரண்டையும் கடந்து வரும் அயனியின் கோணம் 2.5 மில்லிரேடியனைத் தாண்ட முடியாது. மூலத்தில் என்ன நடந்தாலும் இந்தச் சின்னக் கற்றையின் எல்லையை ஸ்கேலும் துளையும் தீர்மானிக்கின்றன. முழுக் கற்றை வேண்டிய சோதனைக்கு மட்டும் துளைகளை விலக்கிவிட்டு, சூட்டைக் குறைத்துச் சில மைக்ரோ ஆம்பியரில் வேலை செய்வேன்.

ஃபாரடே கப்

முதலில் சோதிக்க வேண்டியது இதைத்தான், ஏனென்றால் மற்றக் கருவிகள் எல்லாம் இதன் சாட்சியைத்தான் நம்பும். 10 மி.மீ. உள்விட்டம், 45 மி.மீ. ஆழம் உள்ள செம்புக் கோப்பை. முன்னால் தரையிட்ட 6 மி.மீ. துளைத் தகடு. இரண்டுக்கும் நடுவே அடக்கு வளையம். அயனி அடியில் மோதும்போது எலக்ட்ரான்களைத் தெறிக்க வைக்கும். நேர்மின் அயனி உள்ளே வந்தாலும் எலக்ட்ரான் வெளியே போனாலும் மீட்டருக்கு ஒன்றுதான், இரண்டையும் கூட்டிக் காட்டும். அடக்கு வளையத்தில் எதிர் மின்னழுத்தம் கொடுத்தால் அந்த எலக்ட்ரான்கள் கோப்பைக்கே திரும்பிவிடும்.

சோதனை எளிது. கற்றையை நிலையாக வைத்து, வளையத்தை 0 வோல்ட்டிலிருந்து எதிர்ப்பக்கமாக 200 வரை பத்துப் பத்தாக இறக்குங்கள். மீட்டர் எண் முதலில் சரசரவென்று குறைந்து, பிறகு தட்டையாகும். தெறித்த எலக்ட்ரான்களில் பெரும்பாலானவற்றுக்கு 20 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைவான ஆற்றல்தான். ஆனாலும் 20 வோல்ட் போதாது, ஏனென்றால் வளையத்தின் நடுவில் உள்ள மின்னழுத்தம் வளையத்தில் உள்ளதைவிடப் பலவீனமானது. தட்டையான பகுதி எங்கே தொடங்குகிறதோ அதற்கும் 50 வோல்ட் தள்ளி இயக்குங்கள்.

ஒரு முறை இரண்டு வாரம் எனக்கு இந்த வளைகோடு வரவே இல்லை. எவ்வளவு மின்னழுத்தம் கொடுத்தாலும் மீட்டர் அசையவில்லை. கப் அவ்வளவு நன்றாக வடிவமைந்துவிட்டது, எலக்ட்ரானே தப்பவில்லை என்று சந்தோஷப்பட்டேன். வயர் ஸ்கேனரின் கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டபோது கப் மூன்றில் ஒரு பங்கு அதிகமாகக் காட்டியது. திறந்து பார்த்தால், வளையத்துக்குப் போகும் கம்பி ஃபீட்த்ரூ (வெற்றிடச் சுவரைத் தாண்டி மின்சாரத்தை உள்ளே கொண்டுவரும் இணைப்பு) முனையிலிருந்து கழன்று அரை மில்லிமீட்டர் தள்ளி நின்றுகொண்டிருந்தது. அன்றிலிருந்து வளையத்துக்கு ஒரு முறை நேர் மின்னழுத்தம் 20 வோல்ட் கொடுத்துப் பார்ப்பதை வழக்கமாக்கிவிட்டேன். எலக்ட்ரான்களை அது வெளியே இழுக்கும், மீட்டர் எண் துள்ளி ஏறும். ஏறவில்லை என்றால் கம்பி இல்லை.

கசிவையும் அளக்க வேண்டும். வளையத்துக்கும் கோப்பைக்கும் நடுவே உள்ள பீங்கானின் மின்தடை 10 கிகா ஓம் என்றால், 100 வோல்ட்டில் 10 நானோ ஆம்பியர் கசியும். நம் வடிகட்டிய கற்றையே நானோ ஆம்பியர் அளவில் இருக்கும்போது இது பூதாகாரமான பிழை. கற்றையின் இருபுறமும் வைத்த தகடுகளுக்கு மின்னழுத்தம் கொடுத்து அதை விலக்கிவிட்டு, மற்றதெல்லாம் அப்படியே இருக்க, மீட்டரைப் படியுங்கள். அந்த எண்ணைக் கழிக்க வேண்டும். ஹீட்டரை அணைத்துப் படித்தால் வெப்பநிலை மாறிவிடும், அது சரியான ஒப்பீடு ஆகாது.

வயர் ஸ்கேனரும் திரையும்

0.1 மி.மீ. டங்ஸ்டன் கம்பியைக் கற்றையின் குறுக்கே 0.1 மி.மீ. படிகளில் நகர்த்தி ஒவ்வொரு இடத்திலும் மின்னோட்டம் குறிக்க வேண்டும். கம்பிக்கு 50 வோல்ட் நேர் மின்னழுத்தம் கொடுத்தால் அதிலிருந்து எலக்ட்ரான் தப்பாது. படியும் கம்பி விட்டமும் சமம் என்பதால், எல்லா எண்களையும் கூட்டினால் முழுக் கற்றை மின்னோட்டம் வர வேண்டும். ஃபாரடே கப்போடு அது 5 சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் இரண்டுமே நம்பகமானவை. இரண்டும் ஒரே மாதிரித் தவறுவது அபூர்வம்.

இரண்டாவது துளைக்கு 200 மி.மீ. பின்னால் கம்பியை வைத்தால், கற்றையின் முழு அகலம் 1.5 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும், கம்பித் தடிமனுக்கு இன்னும் 0.1 சேர்த்துக்கொள்ளலாம். அதைவிட அகலமாகத் தெரிந்தால் கம்பி அதிர்கிறது, அல்லது துளை விளிம்பில் பட்டுச் சிதறிய அயனிகள் ஓரத்தில் வால் போல நீள்கின்றன. துளைத் தகட்டின் விளிம்பைக் கத்தி முனை போலச் சரித்தால் இரண்டாவது குறை தீரும்.

நுண்வாய்க்கால் தகடும் பாஸ்பர் திரையும் சோதிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்தத் தகடு ஒவ்வோர் அயனிக்கும் ஆயிரம், பத்தாயிரம் எலக்ட்ரான்களைக் கொட்டும். மைக்ரோ ஆம்பியர் கற்றையைக் காட்டினால் அந்த இடத்தில் தகடு குருடாகிவிடும். உமிழியை நன்றாகக் குளிரவிட்டு, வடிகட்டிய கற்றை ஒரு பிக்கோ ஆம்பியருக்கும் கீழே இறங்கியதைக் கப்பில் உறுதிசெய்த பிறகே தகட்டுக்கு மின்னழுத்தம் கொடுங்கள்.

எமிட்டன்ஸ் அளவி

துளைகளை விலக்கி முழுக் கற்றையை அனுப்புங்கள். 0.1 மி.மீ. ஸ்லிட், 200 மி.மீ. பின்னால் 0.1 மி.மீ. கம்பி என்ற எளிய அமைப்பில் கோணத்தை அரை மில்லிரேடியன் துல்லியத்தில் பிரிக்கலாம். ஸ்லிட்டைக் கற்றையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் கம்பியை ஓட்டினால் இடம்-கோணம் வரைபடம் கிடைக்கும்.

வருகிற எண் 8-க்கும் 12-க்கும் இடையே இருந்தால் மகிழ்ச்சி. 20, 30 என்று வந்தால் லென்ஸில் கற்றை பாதிக்கு மேல் நிரம்பி, ஓரங்கள் வளைந்திருக்கலாம். வரைபடம் ஆங்கில எஸ் எழுத்துப் போலத் தெரியும். இது கற்றையின் உண்மையான குணம்தான், அளவியைக் குறை சொல்ல முடியாது. 5 என்று வந்தால்? இரைச்சலை நீக்க வைத்த வெட்டு அளவு (இதற்குக் கீழுள்ள எண்களை எல்லாம் பூஜ்யம் என்று ஒதுக்கும் வரம்பு) கற்றையின் ஓரத்தையும் சேர்த்து வெட்டிவிட்டது. வெட்டு அளவை 1, 2, 5, 10 சதவீதம் என மாற்றி ஒவ்வொன்றுக்கும் எமிட்டன்ஸ் எவ்வளவு மாறுகிறது என்று வரைந்து பாருங்கள். எந்த முடுக்கியில் போய் அளந்தாலும் இந்தக் கோடு உங்களுக்கு உதவும்.

ஆற்றலும் நிறையும்

எதிர்ப்புல வலைகள் உள்ள ஆற்றல் அளவியை மாட்டி, தடுப்பு மின்னழுத்தத்தை 1,950-லிருந்து 2,010 வரை ஏற்றினால், 2,000-ஐ ஒட்டி மின்னோட்டம் விழும். விழும் இடத்தின் அகலம் 10 வோல்ட் என்று வந்தால் அந்தப் பத்தும் உங்கள் வலையின் குறையும் சப்ளையின் சிற்றலையும்தான். மூலத்தின் சொந்தப் பங்கு ஒரு வோல்ட்டுக்கும் கீழே. ஓர் அளவியின் பிரிதிறனை இவ்வளவு நேரடியாகக் காட்டித் தரும் வழி பிளாஸ்மா மூலத்தில் கிடைக்காது.

நிறைக்கு இயற்கையே படிக்கல் கொடுத்திருக்கிறது. பொட்டாசியத்தில் 39 நிறையுள்ளது 93.3 சதவீதம், 41 நிறையுள்ளது 6.7 சதவீதம். காந்தத்தால் பிரித்தாலும், கற்றையைத் துண்டுபோட்டுப் பறக்கும் நேரத்தால் பிரித்தாலும் இந்த விகிதம் வர வேண்டும். ஒரு மீட்டரில் 39-க்கு 10.05 மைக்ரோ நொடி, 41-க்கு 10.3. துண்டின் நீளம் 0.2 மைக்ரோ நொடிக்குள் இருந்தால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். புது உமிழியில் சோடியமும் ருபிடியமும் கலந்து வருவது உண்டு, 7.7 மைக்ரோ நொடியிலும் 14.8 மைக்ரோ நொடியிலும் அவை தலை காட்டும். சில நாள் சூடாக்கி ஓட்டினால் குறைந்துவிடும். அதுவரை 39:41 விகிதத்தைத் தவிர வேறு அளவை எதையும் இறுதியாக எழுத வேண்டாம்.

அணைக்கும் வரிசை

உயர் மின்னழுத்தம் முதலில், அடக்கு வளையமும் பிரிப்பு மின்முனையும் அடுத்து, ஹீட்டர் கடைசியில், அதுவும் அரை மணி நேரம் எடுத்து மெல்ல. திடீரென்று ஆறினால் பீங்கான் படலம் டங்ஸ்டனிலிருந்து விரிசல் விடும். ஒளி முழுதும் மங்கிய பிறகும் இரண்டு மணி நேரம் பம்ப் ஓடட்டும். திறக்க வேண்டுமென்றால் உலர்ந்த நைட்ரஜனை நிரப்பித் திறங்கள். ஐப்பசி மழைக்காலத்தில் ஜன்னல் திறந்த அறையில் உமிழியை வெளியே எடுத்து வைக்கவே கூடாது. ஈரத்தை உறிஞ்சிக்கொண்டால் அடுத்த சூடேற்றம் இன்னொரு முழு நாளைத் தின்னும். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைத்து, மூடி மேல் எத்தனை மணி நேரம் எந்த வெப்பநிலையில் ஓடியது என்று எழுதி ஒட்டுங்கள்.